ஆர்ஹூஸ் போக 16 வாரம் இருக்கிறது: டேனிஷ் எங்கிருந்து தொடங்குவது?

#1 ஆர்ஹூஸ்பயணி

செப்டம்பரில் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்தில் வேலை. மனைவியும் 5 வயது மகனும் கூட வருகிறார்கள். அலுவலகத்தில் ஆங்கிலம்தான். கிளம்ப இன்னும் 16 வாரம், நாளொன்றுக்கு 45 நிமிடம் ஒதுக்க முடியும். கேள்விகள் நான்கு.

இங்கேயே தொடங்குவதில் பயன் உண்டா, இல்லை அங்கே போய் வகுப்பில் சேர்ந்தால் போதுமா? டுவோலிங்கோ செயலி மட்டும் போதுமா? உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்துக்கொள்ளலாமா? தமிழ் பேசும் நாக்குக்கு எது கஷ்டம், எது சுலபம்?

#2 அரைமணி

நேரடியாகச் சொல்கிறேன்: வேண்டாம். அங்கே கடைக்காரரிலிருந்து பஸ் ஓட்டுநர்வரை ஆங்கிலம் பேசுவார்கள். நீங்கள் திக்கித் திணறி டேனிஷில் ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் அவர்களே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். கற்ற டேனிஷ் வாய்க்குள்ளேயே தங்கிவிடும். இந்த நான்கு மாதத்தை வீடு தேடுவதில் செலவிடுங்கள். நிரந்தர வதிவிடத்துக்கு எப்படியும் 'ப்ரூவெ ஈ டேன்ஸ்க் 3' என்ற டேனிஷ் மொழித் தேர்வில் பாஸ் செய்தாக வேண்டும், அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

#3 கோப்புக்கட்டு

அரைமணி சொன்னதில் ஒரு திருத்தம். நிரந்தர வதிவிடத்துக்கு அடிப்படை நிபந்தனை 'ப்ரூவெ ஈ டேன்ஸ்க் 2', அதாவது ஐரோப்பிய மொழித்திறன் அளவில் பி1 என்ற நடுத்தர நிலை. மூன்றாவது தேர்வு, கூடுதல் நிபந்தனைகள் நான்கில் ஒன்று. அந்த நான்கில் ஏதேனும் இரண்டு எல்லோருக்கும் கட்டாயம். நான்கையும் நிறைவேற்றினால், அங்கே வசித்திருக்க வேண்டிய 8 ஆண்டு என்பது 4 ஆண்டாகக் குறையும். குடியுரிமைக்குத்தான் பொதுவாக மூன்றாவது தேர்வு கேட்பார்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் மாதத்தில் அரசுத் தளமான 'நூ ஈ டான்மார்க்'கை (nyidanmark.dk) பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கடைக்காரர் ஆங்கிலம் பேசுவார், உண்மை. கடிதம் பேசாது. வீட்டு ஒப்பந்தம், வரித் துறையின் கணக்கு, மின்கட்டணம், பையனின் பள்ளியிலிருந்து 'ஔலா' செயலியில் வரும் குறிப்பு எல்லாம் டேனிஷில்தான் வரும். மொழிபெயர்ப்புக் கருவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் எந்தச் சொல்லைக் கண்டால் பதற வேண்டும், எதைக் கண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட வேண்டும் என்பது தெரிந்திருந்தால்தான் கருவியைத் திறக்கவே தோன்றும். அந்தச் சொற்களைத் தனியாகப் போடுகிறேன்.

#4 வடகடல்காற்று

அரைமணியின் கூற்றில் பாதியை ஏற்கிறேன். அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறுவது உங்கள் இலக்கணம் தப்பு என்பதால் அல்ல. நீங்கள் சொன்ன சொல் எது என்றே அவர்கள் காதுக்கு எட்டாததால். டேனிஷ்காரர்களுக்கு வெளிநாட்டு உச்சரிப்பில் தங்கள் மொழியைக் கேட்டுப் பழக்கம் குறைவு. ஆகவே 16 வாரத்தில் முதல் பங்கு ஒலிக்கு. இலக்கணம் காத்திருக்கும், அது சுலபமும்கூட.

நான்காவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

தமிழில் சொல்லின் தொடக்கத்தில் வரும் க, த, ப மூன்றும் காற்று வெளிவராத வல்லினம். 'பல்' என்று சொல்லும்போது உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்துப் பாருங்கள், ஊதல் தெரியாது. டேனிஷின் 'பி' எழுத்து (பெங்களூரின் முதலெழுத்து) ஏறக்குறைய இந்தத் தமிழ் ப-தான். டேனிஷின் மற்ற 'பி' (பாரிஸின் முதலெழுத்து) பலமாக ஊதப்படுவது. இரண்டுக்கும் வேறுபாடு குரலில் இல்லை, ஊதலில் மட்டும். விளைவு என்ன? தமிழர் ஊதாமல் 'பீல்' என்று அம்பைச் சொன்னால் டேனிஷ் காதில் விழுவது கார். வறுக்கும் சட்டியைக் கேட்டால் ரௌடிக் கும்பல் கிடைக்கும் (பானெ, பானெ). வீட்டுக் கூரை என்றால் 'நாள்' என்று கேட்கும். சரிசெய்யும் வழி: சொல் தொடக்கத்தில் 'கே', 'டி' (டோக்கியோவின் முதலெழுத்து), பாரிஸின் 'பி' எழுத்து வந்தால் மெழுகுவத்தியை அணைக்கிற மாதிரி ஊதுங்கள். 'டி'யில் ஊதும்போது லேசாக 'ட்ஸ்' என்று ஒரு ஸகரம் கசியும், கசியட்டும், டேனிஷில் அதுதான் சரி. மெல்லிய வரிசையை (பெங்களூரின் 'பி', டெல்லியின் 'டி', கோவாவின் 'ஜி') தமிழில் பேசுகிற மாதிரியே பேசுங்கள். ஆங்கில வகுப்பில் கஷ்டப்பட்டுக் கற்ற அதிரும் ப, ட, க இங்கே தேவையே இல்லை.

சொல்லின் நடுவே ஊதல் போய்விடும். 'இக்கெ' (இல்லை) என்பதில் நம் 'அக்கா'வின் க்க போதும். இதில் நமக்கு ஒரு உழைப்பும் இல்லை.

அடுத்து 'மெல்லிய டி'. உயிரெழுத்துக்குப் பின் வரும் டி (டெல்லியின் முதலெழுத்து), பலருக்கு 'ல்' மாதிரி கேட்கும். 'மேத்' (உணவு) என்பதை 'மேல்' என்று எழுதிவைத்துக் கெட்டவர்கள் ஏராளம். 'அது', 'இது' என்னும்போது நடுவில் வருகிற த இருக்கிறதே, அதுதான் நெருங்கிய உறவு. ஒரே மாற்றம்: 'அது'வில் நாக்கு நுனி மேற்பல்லுக்குப் போகும். அதைக் கீழ்ப்பல்லின் பின்னால் ஒட்டவைத்துவிட்டு, நாக்கின் நடுப்பகுதியை மட்டும் உயர்த்தி அதே ஒலியை இழுங்கள். நுனி மேலே எழும்பினால் 'ல்' ஆகிவிடும். கண்ணாடி முன் செய்தால் தப்பு உடனே தெரியும்.

உயிரொலியில் இரண்டு புதியவை. 'ஒய்' எழுத்து: நாக்கு ஈ சொல்லும் இடத்தில், உதடு ஊ சொல்லும் வடிவில். 'ஓ'வில் குறுக்குக்கோடு போட்ட எழுத்து: நாக்கு ஏ, உதடு ஓ. நம் குற்றியலுகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 'காடு', 'மூக்கு' இவற்றின் கடைசியில் நாக்கு பின்னே, உதடு விரிந்து. டேனிஷ் 'ஒய்' அதற்கு நேர் தலைகீழ்.

அந்தக் குற்றியலுகரம் செய்யும் சேட்டை ஒன்று. மெய்யில் முடியும் சொல்லுக்கு நாம் தெரியாமலே ஒரு 'உ' ஒட்டுவோம்: பஸ்ஸு, காரு. டேனிஷில் 'ஹூஸ்' ஒரு வீடு, 'ஹூஸெ' பல வீடுகள். 'தே' நாள், 'தேயெ' நாட்கள். வால் ஒட்டினால் ஒருமை பன்மையாகிவிடும். முதல் மாதத்திலேயே வாலை வெட்டப் பழகுங்கள்.

நமக்குக் கிடைத்த வரம் குறில், நெடில். 'லேஸெ' படிப்பது, 'லெஸெ' சுமை ஏற்றுவது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதைப் பிடிக்க மாதக்கணக்கில் போராடுவார். நமக்கு அ, ஆ படித்த அன்றே வந்துவிட்டது.

#5 அரைமணி

சரி, திருத்தத்துக்கு நன்றி. ஆனால் அந்தத் தொண்டை அடைப்பு விவகாரத்தைச் சொல்லவே இல்லையே? அதைக் கண்டுதான் பாதிப்பேர் ஓடுகிறார்கள்.

#6 ஹேர்னிங்_நூலகம்

'ஸ்டோட்' எண்டு சொல்லுறது அதைத்தான். வாயை மூடிக்கொண்டு 'இல்லை' எண்டதுக்கு 'ம்-ம்' எண்டு சொல்லுவமே, நடுவில தொண்டை ஒரு கணம் இறுகுது பாருங்கோ, அந்த இறுக்கம். டெனிஷ்காரர் முழுசா அடைக்கிறேல்லை, குரலைக் கொஞ்சம் கரகரக்க விடுவினம், அவ்வளவுதான்.

அது வாற சொல்லும் வராத சொல்லும் வேற வேற பொருள். 'ஹுன்' எண்டால் அவள், இறுக்கினால் நாய். 'மோஅ' எண்டால் அம்மா, இறுக்கினால் கொலை. போஞ்சி எண்ட சொல்லை இறுக்கினால் விவசாயிகள் ஆகும். பயப்பிடத் தேவையில்லை. டென்மார்க்கின்ர தெற்குப் பக்கம், லொலண்ட், ஃபால்ஸ்டர், போன்ஹோம் பக்கத்தில ஊராக்களே இந்த இறுக்கம் இல்லாமல்தான் கதைக்கினம். ஆரும் விளங்காமல் நிக்கிறேல்லை. 'என்ர நாய் கடைக்குப் போட்டா' எண்டு ஒருத்தரும் நினைக்க மாட்டினம். காதுக்கு மட்டும் பழக்குங்கோ, வாய்க்குப் பிறகு வரும்.

இன்னொண்டு. சொல்லின்ர கடைசியில ர் வந்தால் அதை உருட்டாதையுங்கோ. எழுத்தில 'மோர்', வாயில 'மோஅ'. நாங்கள் ர், ற் எல்லாத்தையும் நல்லா உருட்டுற ஆக்கள், அதால இந்தப் பிழை எங்களுக்குக் கூட. முதல் எழுத்தில வாற ர தொண்டையில கொப்பளிக்கிற மாதிரி வரும். அது வராட்டிலும் விளங்கிக்கொள்ளுவினம். கடைசி ர் உருண்டால்தான் சொல்லே மாறிப்போகும்.

#7 வடகடல்காற்று

நூலகம் சொன்னதோடு சேர்த்து: எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள தூரம். எழுத்தில் நான்கைந்து எழுத்து, வாயில் இரண்டு ஒலி. 'நான்' என்பது யை. 'அது' என்பது டே. 'மிகவும்' என்பதில் ஐந்து எழுத்து இருந்தும் 'மாத்' என்றே கேட்கும். 'இக்கெ' வேகத்தில் 'இக்'. கேள்விச் சொற்களின் தொடக்கத்தில் எச்-சும் வி-யும் சேர்ந்து வரும், எச் ஊமை. 'நிச்சயமாக' என்பதற்குப் பன்னிரண்டு எழுத்து எழுதிவிட்டு 'ஸஃபோலி' என்று முடித்துவிடுவார்கள்.

தரங்கம்பாடியில் 1620-ல் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை நமக்குத் தெரியும். அந்த 'போர்க்' (கோட்டை) டேனிஷ் வாயில் 'போ', கடைசியில் ஒரு தொண்டை இறுக்கம். ஆல்போர்க் நகரம் 'ஓல்போ'. ரயிலில் அறிவிப்புக் கேட்கும்போது இது தெரியாவிட்டால் இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிவிடுவீர்கள்.

#8 ஆர்ஹூஸ்பயணி

அருமை. அப்படியானால் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கும் யோசனை? மேலே எல்லோரும் அதைத்தானே செய்கிறீர்கள்.

#9 வடகடல்காற்று

இங்கே வேறு வழியில்லாமல் செய்கிறோம். உங்கள் நோட்டில் செய்யாதீர்கள். மேலே பார்த்தீர்களே, 'பீல்' இரண்டும் தமிழில் ஒரே எழுத்து. எந்த வேறுபாட்டைக் கற்க வேண்டுமோ அதையே தமிழ் எழுத்து மறைத்துவிடுகிறது.

#10 இலக்கணக்கிழவி

இதில் மாறுபடுகிறேன். தமிழ் எழுத்து வேண்டாம் என்றால் ஆள் என்ன செய்வார்? டேனிஷ் எழுத்தைப் பார்ப்பார், பார்த்ததும் ஆங்கில வாசிப்பு வாய்க்கு வந்துவிடும். அது இன்னும் பெரிய கேடு. தமிழில் எழுதட்டும், இரண்டு குறிகளோடு: ஊத வேண்டிய எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி, தொண்டை இறுகும் இடத்தில் ஒரு மேற்கோடு. புள்ளி வைத்த 'பீல்' அம்பு, புள்ளியில்லாத 'பீல்' கார். ஒரு மாதத்துக்கு மட்டும். பிறகு நோட்டைத் தூக்கிப் பரணில் போடட்டும்.

#11 வடகடல்காற்று

புள்ளி யோசனை ஒப்புக்கொள்ளக்கூடியதுதான். ஒரு நிபந்தனை: முதலில் ஒலியைக் கேட்டு எழுத வேண்டும். எழுத்தைப் பார்த்து எழுதக் கூடாது. 'ஓர்ட்நெட்' தளத்தில் இருக்கும் டேனிஷ் அகராதியில் ஏராளமான சொற்களுக்கு ஒலிப்பதிவு உண்டு, இலவசம்.

#12 இலக்கணக்கிழவி

இப்போது என் பங்கு. டேனிஷ் இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். பல இடங்களில் தமிழே கிட்டத்தில் நிற்கிறது.

'ஸின்', 'ஹன்ஸ்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், அதனால் ஆங்கிலம் வழி வருபவர்கள் ஆண்டுக்கணக்கில் தடுமாறுவார்கள். நமக்கு இது 'தன்', 'அவன்'. 'அவன் தன் மனைவியை நேசிக்கிறான்', 'அவன் அவனுடைய மனைவியை நேசிக்கிறான்' இரண்டுக்கும் இடையில் எத்தனை குடும்பம் உடையும் என்று தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

'யோ' என்றொரு சின்னச் சொல். பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கும். 'உனக்குத் தெரியும்தானே' என்பதில் வரும் 'தானே'. முடிந்தது. 'நொக்' பெரும்பாலும் நம் 'போல' (அவன் வரமாட்டான் போல). 'வெல்' கடைசியில் வந்தால் 'இல்லையா?'.

உறவுப்பெயர்கள். 'மோமோஅ' அம்மாவின் அம்மா, 'ஃபாமோஅ' அப்பாவின் அம்மா. யாழ்ப்பாணத்து அம்மம்மா, அப்பம்மா அப்படியே. அம்மாவின் சகோதரன் 'மோப்ரோ', நம் மாமா. அப்பாவின் சகோதரிக்கு ஒரு சொல், அம்மாவின் சகோதரிக்கு வேறு சொல்: அத்தை, சித்தி. நாளை மறுநாளுக்கும் முந்தாநாளுக்கும் தனித்தனியே ஒற்றைச் சொல் உண்டு. மரியாதைக்கு நீங்கள் என்று ஒரு சொல் இருந்தாலும் நடைமுறையில் எல்லோருக்கும் 'டு'தான். மேலதிகாரியையும் 'நீ' என்று கூப்பிட வாய் கூசும், கூசட்டும்.

வினைக்குத் திணை, பால், எண் எதுவும் கிடையாது. நான், நீ, அவர்கள் எல்லோருக்கும் ஒரே வடிவம். இதற்கு ஒரு மணி நேரம் போதும்.

இப்போது வலிக்கும் இடம். தமிழில் வினை கடைசி இருக்கையில் உட்காரும். டேனிஷில், கேள்வியல்லாத தனி வாக்கியத்தில், இரண்டாவது இருக்கை. முதல் இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் சரி. 'நான் வருகிறேன் நாளை.' 'நாளை' முன்னால் வந்தால் 'நாளை வருகிறேன் நான்.' 'நாளை நான் வருகிறேன்' என்பது பிழை, தமிழரும் ஆங்கிலம் அறிந்தவரும் சேர்ந்து செய்கிற பிழை. பழக்க ஒரு வழி: ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொண்டு முதல் சொல்லை மட்டும் மாற்றுங்கள். இன்று, நாளை, திங்களன்று, கோடையில், ஆர்ஹூஸில். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் வாய்விட்டு.

துணைவாக்கியத்தில் 'இல்லை' இடம் மாறும். தனி வாக்கியத்தில் 'அவன் வருகிறான் இல்லை.' 'என்று தெரியும்' சேர்ந்தால் 'தெரியும் என அவன் இல்லை வருகிறான்.' இதை முதல் நான்கு மாதத்தில் எட்டிப் பார்த்தால் போதும்.

பெயர்ச்சொல்லுக்கு இரண்டு வகை, 'என்' வகை, 'எத்' வகை. ஏறக்குறைய நான்கில் மூன்று 'என்'. ஆனாலும் ஊகிக்காதீர்கள். சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் 'எத் ஹூஸ்', 'என் பீல்' என்று ஒட்டியே படியுங்கள். 'அந்த' என்ற சுட்டு, சொல்லின் வாலில் ஒட்டும்: 'ஹூஸெத்', 'பீலென்'. பெயரடை நடுவில் வந்தால் வாலை விட்டுவிட்டுத் தலையில் ஏறிக்கொள்ளும். இந்த ஏற்ற இறக்கம்தான் மூன்றாவது மாதத்து வேலை.

எச்சரிக்கை ஒன்று. 'மோ' என்ற வினை ஆங்கிலக் காதுக்குக் கட்டாயம் மாதிரி ஒலிக்கும். 'டு மோ கேஅன' என்றால் 'நீ செய்யலாம்.' 'டு மோ இக்கெ' என்றால் 'செய்யக் கூடாது.' பையனின் பள்ளியில் அடிக்கடி காதில் விழும்.

#13 ஹேர்னிங்_நூலகம்

கிழவி அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனால் எங்கட மேற்கு ஜுட்லாண்ட் பக்கம் வந்தால் அந்த வால் கதை மாறும். பழைய ஆக்களின்ர பேச்சில சுட்டு வாலில ஒட்டாது, முன்னுக்கே 'ஏ' எண்டு வரும், 'ஏ ஹூஸ்' எண்டு. 'நான்' எண்டதுக்கு யை எண்டு சொல்லாமல் 'ஆ' எண்டுவினம். 1980களில இருந்து இலங்கைத் தமிழர் கூடுதலா வந்து இருந்தது இந்தப் பக்கங்களிலதான், ஹேர்னிங், பிராண்ட, கிரின்ஸ்டெட் பக்கம். ஆர்ஹூஸில இது பெரிசாத் தேவைப்படாது. ஆனால் வார இறுதியில கோயிலுக்கு வந்து பக்கத்துக் கடையில ஒரு வயசானவர் கதைச்சால் 'இது என்ன மொழி' எண்டு முழிக்காதையுங்கோ.

#14 கோப்புக்கட்டு

எண்கள். இதற்குத் தனிப் பதிவு போடக் காரணம், வந்த முதல் வாரமே இது தேவை.

ஐம்பதிலிருந்து எல்லாம் இருபதின் மடங்கு. 60 என்பது 'த்ரெஸ்', மூன்று இருபது. 80 'ஃபீஅஸ்', நான்கு இருபது. 50 'ஹல்த்ரெஸ்', 70 'ஹல்ஃபியேஅஸ்', 90 'ஹல்ஃபெம்ஸ்'. 'ஹல்' என்றால் அரை. இரண்டரை இருபது ஐம்பது, மூன்றரை இருபது எழுபது, நாலரை இருபது தொண்ணூறு. ஆனால் அவர்கள் 'இரண்டரை' என்று சொல்லாமல் 'மூன்றாவது அரை' என்பார்கள். கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு முறை போதும், பிறகு ஐந்து சொற்களையும் கணக்கில்லாமல் மனப்பாடம் செய்துவிடுங்கள். கடைக்காரர் காத்திருக்கும்போது பெருக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஒன்றின் இடம் முதலில் வரும். 75 என்பது 'ஐந்தும் எழுபதும்'. தொலைபேசி எண் எட்டு இலக்கம், இரண்டிரண்டாக நான்கு சோடியாகச் சொல்வார்கள். கேட்டு எழுதும்போது பேனா முதலில் இரண்டாவது இலக்கத்தை எழுதிவிட்டுப் பின்வாங்க வேண்டியிருக்கும். இதைப் பழக்க, தொலைபேசியின் எழுத்து வாசிக்கும் குரலை டேனிஷுக்கு மாற்றி, ஏதேனும் எட்டு இலக்கத்தைச் சோடி சோடியாக இடைவெளி விட்டு எழுதி வாசிக்க விடுங்கள். நாளைக்கு 20 எண். மூன்று வாரத்தில் காது திறக்கும். குழப்பும் சோடிகள்: 30-60, 40-80, 50-60.

நேரம். 'ஹல் த்ரே' என்றால் இரண்டரை மணி. மூன்றரை அல்ல. மூன்றை நோக்கிய அரை. வங்கிக்காரர் சொல்லும் நேரத்துக்கு ஒரு மணி தாமதமாகப் போய் நிற்பவர்கள் இதனால்தான். தேதிக்குப் பதில் வார எண் சொல்வார்கள். 42-ஆம் வாரம் பள்ளிக்கு இலையுதிர்கால விடுமுறை. தொலைபேசி நாட்காட்டியில் வார எண் தெரியும்படி இன்றே மாற்றி வையுங்கள். பணத்தில் புள்ளி ஆயிரத்துக்கு, காற்புள்ளி தசமத்துக்கு: 1.250,50 என்பது ஆயிரத்து இருநூற்று ஐம்பதரை.

#15 ஆர்ஹூஸ்பயணி

கோப்புக்கட்டு, அந்தக் கடிதச் சொற்கள்? மொழிப்பள்ளி நடைமுறையும் சொல்ல முடியுமா? மனைவிக்கும் இடம் கிடைக்குமா?

#16 கோப்புக்கட்டு

சொற்கள் முதலில். 'ஃப்ரிஸ்ட்' கெடு நாள். கடிதத்தில் இது எங்கே இருக்கிறதோ அங்கே கண் போக வேண்டும். 'ஹூஸ்லையெ' வாடகை. 'டெபோஸிடும்' முன்பணம், 'ஃபோருட்பெடேல்ட் லையெ' முன்கூட்டிக் கட்டும் வாடகை. இரண்டும் தனித்தனி, ஒவ்வொன்றும் மூன்று மாத வாடகைவரை கேட்கலாம். 'ஓப்ஸியெல்ஸெ' ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் அறிவிப்பு. 'ஃப்ராத்ராக்' வரிக்கழிவு. 'ஸ்காட்' வரி. செல்லமாக 'கண்ணே' என்பதும் அதே சொல்தான், புதையல் என்பதும் அதே. வரித் துறை கடிதத்தில் எந்தப் பொருள் என்று குழப்பம் வராது.

வழக்கமான வாடகைப் படிவத்தில் 11-ஆம் பிரிவை மட்டும் வரிவரியாக மொழிபெயர்த்துப் பாருங்கள். பொதுவிதியிலிருந்து விலகிய எல்லா நிபந்தனையும் அங்கேதான் எழுதப்படும். குடியேறிய 14 நாளுக்குள் வீட்டின் குறைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். 'மாங்லெர்' என்றால் குறைகள்.

பெயர் எழுத்துக்கூட்டல். நம் பெயர்கள் நீளம், தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள். டேனிஷில் 'ஐ' எழுத்தின் பெயர் 'ஈ'. நீங்கள் ஆங்கில முறையில் 'ஈ' எழுத்தைச் சொன்னால் அவர் 'ஐ' எழுதிவிடுவார். எச் 'ஹோ', கே 'கோ', ஜே 'யொத்'. சொந்தப் பெயரையும் மகன் பெயரையும் தெருப்பெயரையும் டேனிஷ் எழுத்துப் பெயர்களால் சொல்லப் பழகுங்கள். அரை மணி நேர வேலை. ஆனால் தப்பாகப் பதிந்த பெயரை எல்லாப் பதிவிலும் திருத்த வாரங்கள் ஆகும்.

அகரவரிசையில் மூன்று புது எழுத்தும் (ஏ-யும் ஈ-யும் ஒட்டியது, குறுக்குக்கோடு ஓ, வட்ட ஏ) கடைசியில். தலையில் வட்டம் போட்ட ஏ ஆகக் கடைசி. இரட்டை ஏ-யும் அதே இடம். ஆகையால் ஆர்ஹூஸைப் பட்டியலின் தொடக்கத்தில் தேடாதீர்கள், இசட்டுக்கும் பின்னால் இருக்கும். கணினியில் டேனிஷ் விசைப்பலகையைச் சேர்த்தால் பாரிஸின் 'பி'க்கு வலப்பக்கம் வட்ட ஏ, 'எல்'லுக்கு வலப்பக்கம் மற்ற இரண்டும்.

பள்ளி. வந்து வீட்டு முகவரியைப் பதிந்து, பத்து இலக்கத் தனிநபர் எண் கிடைத்த பிறகுதான் நகராட்சி வழியாக மொழிப்பள்ளிக்கு விண்ணப்பிக்க முடியும். வேலைக்கு வருபவர், மாணவர், உடன் வரும் துணை எல்லோருக்கும் உரிமை உண்டு. மனைவி தாராளமாகச் சேரலாம். பாடக் கட்டணம் இல்லை, சுமார் 2000 குரோனர் முன்பணம் கட்ட வேண்டும். குறித்த காலத்தில் மாட்யூலை (பாடப்பகுதியை) முடித்தால் அடுத்ததற்கு நகரும் அல்லது திரும்பக் கிடைக்கும். முடிக்காவிட்டால் போனது போனதுதான். மொத்தம் ஐந்து ஆண்டுக்குள் மூன்றரை ஆண்டு அளவுக்கு வகுப்பு.

மூன்று பாதைகள் இருக்கின்றன. பட்டப்படிப்பு முடித்தவர் பொதுவாக மூன்றாம் பாதையில் சேர்க்கப்படுவார், அதுவே வேகமானது, ஆறு மாட்யூல். ஐந்தாவதற்குப் பின் 'ப்ரூவெ ஈ டேன்ஸ்க் 3', ஆறாவதற்குப் பின் பல்கலைக்கழகத்துக்கான 'ஸ்டூடியெப்ரூவெ'. தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, மே-ஜூனில் ஒன்று, நவம்பர்-டிசம்பரில் ஒன்று. மதிப்பெண் ஏழு படி: -3, 00, 02, 4, 7, 10, 12. 02 வந்தால் பாஸ். 4 வந்தால் அழ வேண்டாம்.

சேர்க்கும் முன் பேசிப் பார்ப்பார்கள். இந்த 16 வாரத்தை ஒலியில் போட்டிருந்தால் முதல் மாட்யூலைத் தாண்ட வாய்ப்பு உண்டு. அரைமணியின் வாதத்துக்குக் கணக்கான பதில் இதுதான்.

#17 அரைமணி

முதல் மாட்யூலைத் தாண்டலாம் என்றால் என் வாதத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொள்கிறேன்: வீடு தேடுவதை விடாதீர்கள்.

#18 வடகடல்காற்று

இனி 45 நிமிடத்தைப் பிரிக்கலாம்.

முதல் மூன்று வாரம் ஒலி மட்டும். அம்பு 'பீல்', கார் 'பீல்' போன்ற இரட்டைச் சொற்களைக் கேட்டு எது என்று சொல்வது 20 நிமிடம், கண்ணாடி முன் நாக்குப் பயிற்சி 10, எண்கள் 15. இலக்கணப் புத்தகத்தைத் திறக்காதீர்கள்.

நான்காம் வாரம் முதல் பத்தாம் வாரம்வரை, ஆங்கி போன்ற அட்டைச் செயலியில் நாளைக்கு 8 புதிய அட்டை. அட்டையின் முன்புறம் ஒலி மட்டும், எழுத்து பின்புறம். முன்புறம் எழுத்து வைத்தால் கண் முந்திக்கொள்ளும், ஆங்கில வாசிப்பு பதிந்துவிடும். எல்லோரும் சறுக்கும் இடம் இது. தனிச் சொல் வேண்டாம், நான்கைந்து சொல் கொண்ட வாக்கியம் போடுங்கள். அட்டை 15 நிமிடம், பின்தொடர்ந்து பேசுவது 20, கிழவி சொன்ன இருக்கை மாற்றும் பயிற்சி 10.

பின்தொடர்ந்து பேசுவது எப்படி: 6 முதல் 8 விநாடித் துண்டு. எழுத்தைப் பார்க்காமல் ஐந்து முறை கேளுங்கள். பிறகு எழுத்தோடு இரண்டு முறை, எந்த எழுத்து காணாமல் போயிற்று என்று அடித்துவிடுங்கள். அப்புறம் குரலோடு சேர்ந்தே பேசுங்கள், கேட்டு முடித்து அல்ல. தொலைபேசியில் பதிந்து ஒப்பிடுங்கள். வேகத்தை 0.75-க்குக் கீழே குறைக்காதீர்கள். அதற்குக் கீழே கேட்பது டேனிஷே அல்ல.

பதினோராம் வாரத்திலிருந்து பாடப்புத்தக ஒலியைக் குறைத்துவிட்டு நிஜப் பேச்சுக்கு வாருங்கள். டேனிஷ் வானொலி நிறுவனமான டிஆர்-இன் 'லீடில்' பகுதியில் செய்தி எளிய மொழியில் இருக்கும். நாளைக்கு ஒரு செய்தி. புத்தக ஒலிப்பதிவில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருக்கும், தெருவில் இருக்காது. இந்த மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் விமானம் இறங்கிய பிறகு 'இத்தனை நாள் வேறு மொழி படித்தேனோ' என்று தோன்றும்.

டுவோலிங்கோவை பஸ்ஸில் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள். சொல்லும் வாக்கிய அமைப்பும் கிடைக்கும். உங்கள் வாய் எங்கே தவறுகிறது என்று அது சொல்லாது. அதை 45 நிமிடத்துக்குள் சேர்க்காதீர்கள்.

#19 இலக்கணக்கிழவி

பையனைப் பற்றி யாரும் பேசவில்லை. 6 வயது ஆகும் ஆண்டில் ஆகஸ்டில் 'பூஜ்யம் வகுப்பு' தொடங்கும், பள்ளி அங்கிருந்துதான். அதுவரை பாலர் பள்ளி. அவனுக்கு இப்போது பாடம் நடத்தாதீர்கள். ஐந்து சொற்றொடர் போதும்: கழிப்பறை போக வேண்டும், தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, நிறுத்து, நானும் விளையாடலாமா. கடைசியில் நான் சொன்ன 'மோ' வரும்: 'மோ யை வேஅ மெத்?' வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். நீங்கள் உடைந்த டேனிஷில் பேசினால் அவன் உங்கள் பிழையைக் கற்பான், ஆறு மாதம் கழித்து உங்களையே திருத்துவான்.

#20 ஆர்ஹூஸ்பயணி

நன்றி. கடைசியாக ஒன்று. 'தயவுசெய்து' என்பதற்கு டேனிஷில் என்ன சொல்? அகராதியில் தேடித் தேடிக் கிடைக்கவில்லை.

#21 இலக்கணக்கிழவி

கிடைக்காது, தனிச் சொல் கிடையாது. கடையில் 'என் காஃபெ, டாக்' போதும்: ஒரு காபி, நன்றி. 'டாக்'கில் ஊதுங்கள், புள்ளி வைத்த ட. உதவி கேட்கும்போது 'வில் டு வேஅ ஸோத் ஒ...' என்று தொடங்குங்கள், 'இனிமையாக இருந்து இதைச் செய்வாயா' என்ற மாதிரி. அந்த 'ஸோத்'தில் குறுக்குக்கோடு ஓ-வும் மெல்லிய டி-யும் அடுத்தடுத்து. அதையே முதல் வாரப் பயிற்சிச் சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.